டீசல் கணக்கும் டயர் கணக்கும்

எங்கள் கடைக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் விருதுநகர் போய்ப் பருப்பு, மல்லி, மிளகாய் ஏற்றி வரும். ஒரு நாள் மதுரை கீழமாசி வீதி. மற்ற நாட்களில் சுற்றியுள்ள கிராமத்துக் கடைகளுக்கு லைன். போகிற வழி மாறாது. வருகிற வழியும் மாறாது. ஆகவே வாரத்திற்கு ஏறக்குறைய 600 கி.மீ. என்பது பல ஆண்டுகளாக மாறாத கணக்கு. நம்மில் பலரும் வைத்திருப்பதைப் போல நானும் ஒரு டீசல் நோட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு மீட்டரைப் பார்த்து எழுதி, பங்கு ரசீதுகளைக் கூட்டி, ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிடுவேன். கிளைக் கடை வைத்தவன் கல்லாவைப் பார்க்காமல் இருக்கலாம், வண்டி வைத்தவன் இந்தக் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியாது.

சென்ற ஆண்டு வண்டியின் நாலு டயரும் ஒன்றாகத் தேய்ந்துவிட்டன. மாற்றப் போன இடத்தில் டயர் கடைக்காரர், "இதே சைஸ் எதற்கு, ஒரு சைஸ் அகலமாகப் போட்டால் வண்டி பார்க்கவும் கம்பீரமாக இருக்கும், ரோட்டில் பிடிமானமும் கிடைக்கும்" என்றார். கம்பெனி போட்டுக் கொடுத்தது 215/75 ஆர் 15. அவர் போட்டுவிட்டது 235/75 ஆர் 15. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் ஓட்டுநர், "அண்ணாச்சி, பழைய சைஸே இருக்கட்டுமே" என்று ஒருமுறை சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

அடுத்த மூன்று வாரங்களில் நோட்டு என்னைத் தூங்கவிடவில்லை. டயர் மாற்றுவதற்கு முன் கடைசி வாரங்களில் மீட்டர் 612 கி.மீ. காட்டியது, டீசல் 48 லிட்டர். லிட்டருக்குப் பன்னிரண்டே முக்கால். மாற்றிய பிறகு அதே நடைகளுக்கு மீட்டர் 575 கி.மீ. தான் காட்டியது, டீசலோ 50 லிட்டர். லிட்டருக்குப் பதினொன்றரை. 575 கி.மீ. ஓட பழைய கணக்கில் 45 லிட்டர் போதுமே, மீதி 5 லிட்டர் எங்கே? லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் வாரத்திற்கு ரூ.460. அதைவிடப் பெரிய சந்தேகம், அதே ஊருக்குப் போய் அதே ஊருக்கு வந்த வண்டியில் 37 கி.மீ. எப்படிக் குறையும் என்பது. மீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு வெளி லோடு அடிக்கிற கதைகளை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம் அல்லவா? எனக்கும் அதுதான் நினைவுக்கு வந்தது.

பதினொரு ஆண்டுகள் எங்களிடம் வண்டி ஓட்டியவரைக் கூப்பிட்டு, நோட்டைத் திருப்பிக் காட்டி, "இதற்கு என்ன தம்பி பதில்?" என்று கேட்டேன். கடைப் பையன்கள் இருவர் நிற்கையில் கேட்டது என் தவறு. அவர் சாவியை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். "அண்ணாச்சி, வேலையை விட்டுப் போறதுன்னா போயிடறேன். ஆனா நாலுவழிச் சாலைக்கு ஒரு தடவை என்கூட வாங்க. கல்லைப் பார்த்து ஓட்டிக் காட்டறேன். அப்புறம் சொல்லுங்க" என்றார்.

போனோம். சாலையோரம் நட்டிருக்கும் கிலோமீட்டர் கற்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு சரியாக 20 கி.மீ. ஓட்டினார். மீட்டர் காட்டியது 19.2. திரும்பி வரும்போதும் அதே 19.2 தான். ஒயரை யாரும் கழற்றவில்லை. நான் மனமுவந்து பணம் கொடுத்து வாங்கிப் போட்ட டயர்தான் கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டியது.

மீட்டர் எப்படி ஏமாற்றுகிறது

வண்டியின் மீட்டருக்குச் சாலை தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் அதற்குத் தெரியும். கம்பெனி போட்ட டயர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதை வைத்து, சுற்றுகளைக் கிலோமீட்டராக மாற்றிச் சொல்கிறது. டயரின் அளவு மாறினால் அந்தப் பெருக்கல் தப்பாகிவிடும். நம் கடையில் 50 கிராம் குறைந்த படிக்கல்லை வைத்து நிறுத்தால் எல்லா எடையும் எப்படித் தப்பாகுமோ அப்படித்தான்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் இதை யாரும் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். 215/75 ஆர் 15 என்பதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் 75 சதவீதம் டயரின் சுவர் உயரம் என்று பொருள். அதாவது 161 மி.மீ. கடைசி 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். அது 381 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் ரிம். கூட்டினால் சுமார் 703 மி.மீ. இதே கணக்கை 235/75 ஆர் 15க்குப் போட்டால் சுமார் 733 மி.மீ. வருகிறது. முப்பது மி.மீ. உயரம், நூற்றுக்கு நாலே கால். அகலம் மட்டுமே கூடுகிறது என்று கடைக்காரர் சொன்னாலும், நடுவில் இருக்கும் 75 மாறாதவரை அகலத்தோடு உயரமும் சேர்ந்தே கூடும். இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை.

ஆகவே மீட்டரில் 100 என்றால் நிஜத்தில் 104 கி.மீ.க்குச் சற்று மேல். முள் 60 காட்டும்போது வண்டி 62க்கு மேல் போய்க்கொண்டிருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டயர் தேயும்போது இதற்கு நேர்மாறாக நடக்கிறது. புது டயரில் எட்டு ஒன்பது மி.மீ. ஆழம் இருக்கும் பட்டன், தேய்ந்து இரண்டு மி.மீ.க்கு வரும்போது டயரின் குறுக்களவு 14 மி.மீ. போலக் குறைந்துவிடும். சின்ன டயர் அதிகச் சுற்று சுற்றும்; மீட்டர் அதிகக் கிலோமீட்டர் காட்டும். 600 கி.மீ. ஓட்டத்திற்கு எங்கள் மீட்டர் 612 காட்டியது இதனால்தான். அதாவது தேய்ந்த டயரில் நான் பார்த்துப் பெருமைப்பட்ட பன்னிரண்டே முக்கால் மைலேஜும் பொய். புது டயரில் பார்த்துப் பதறிய பதினொன்றரையும் பொய். நிஜம் என்னவென்றால் 600ஐ 48ஆல் வகுத்த பன்னிரண்டரை, பிறகு 600ஐ 50ஆல் வகுத்த பன்னிரண்டு. டயர் மாற்றியதால் போனது வாரம் 5 லிட்டர் அல்ல, 2 லிட்டர்.

புது டயர் போட்டவுடன் மைலேஜ் குறைந்துவிட்டது என்று குறை சொல்லாத வண்டிக்காரரே இல்லை. அதே சைஸ் போட்டாலும் கணக்கில் ஒன்றரை, இரண்டு சதவீதம் குறைவது இந்த மீட்டர் கோளாறினால்தான். ஓட்டுநரைச் சந்தேகிக்கும் முன் டயர் மாற்றிய தேதியை நோட்டில் பார்ப்பது நல்லது.

இரண்டு லிட்டர் எங்கே போனது?

மீட்டர் பொய் என்றாலும் இரண்டு லிட்டர் நிஜமாகவே செலவாகியிருக்கிறது. வருடத்திற்கு நூறு லிட்டருக்கு மேல். ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். மளிகைக் கடையில் அந்தத் தொகை நிகர லாபமாக மிஞ்ச எத்தனை சிப்பம் அரிசி விற்க வேண்டும் என்பது நம் வணிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"டயர் வெயிட்டு கூடிப்போச்சு, அதான் டீசல் குடிக்குது" என்றார் ஒரு மெக்கானிக். பரவலாக நம்பப்படும் காரணமும் இதுதான். சரி, நமக்குத் தராசுக்கா பஞ்சம்? டயரை ரிம்மிலிருந்து கழற்றிய அன்று, மூட்டை போடும் மின்னணுத் தராசிலேயே வைத்துப் பார்த்தோம். புதிதாக வாங்கிய பழைய சைஸைவிட அகல டயர் ஒவ்வொன்றும் இரண்டரை, இரண்டே முக்கால் கிலோ கூடுதல். நாலுக்கும் சேர்த்து 11 கிலோ.

சுழலும் பொருளின் எடைக்கு ஒரு தனிக் குணம் உண்டு என்பது உண்மைதான். வண்டி கிளம்பும்போது மூட்டையை முன்னே தள்ளினால் போதும். டயரையோ முன்னேயும் தள்ள வேண்டும், சுழற்றவும் வேண்டும். எடை முழுவதும் சக்கரத்தின் வெளி ஓரத்தில் இருந்தால் அது இரண்டு மடங்கு எடையாகக் கணக்காகும். ஆகவே 11 கிலோவை அதிகபட்சம் 22 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சிப்பம் அரிசிகூட இல்லை. அதுவும் நின்று நின்று கிளம்பும் கடைத்தெரு ஓட்டத்தில்தான். நாலுவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகையில் சுழல்வதற்கென்று தனியாக டீசல் செலவாவதில்லை. லோடோடு இரண்டே முக்கால் டன் இருக்கும் வண்டிக்கு இந்தச் சிப்பம் ஒரு பொருட்டே அல்ல. எனவே வெறும் டயர் எடை மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. டயர் உருளும்போது தரையைத் தொடும் பாகம் நசுங்கி, பிறகு நிமிர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இப்படி. ரப்பரை நசுக்கச் செலவான சக்தி முழுவதும் அது நிமிரும்போது திரும்புவதில்லை. ஒரு பங்கு சூடாகப் போய்விடுகிறது. இருபது கி.மீ. ஓடிய டயரைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூடு நம் டீசல்தான். இதை உருளும் தடை என்கிறார்கள். நல்ல ரேடியல் டயருக்கு ஒரு டன் எடைக்கு 8 முதல் 10 கிலோ வரை இழுவை வேண்டும். 10 என்று வைத்தால், லோடு ஏற்றிய நம் வண்டிக்கு 28 கிலோ இழுவை. கிணற்றில் உருளை கட்டி 28 கிலோ மூட்டையை இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விருதுநகர் போய் வருவது என்றால், அத்தனை கிலோமீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து அந்த மூட்டையை இறைப்பதற்குச் சமம். ஒரு லிட்டர் டீசலில் உள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட சக்கரத்திற்கு வந்து சேராது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நூறு கி.மீ.க்கு இரண்டரை லிட்டர் இந்த நசுங்கலுக்கே போகிறது. நூறு கி.மீ.க்கு 8 லிட்டர் குடிக்கும் வண்டியில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு!

இந்தப் பங்கைக் கூட்டுவதும் குறைப்பதும் ரப்பரின் தரம், பட்டனின் ஆழம், எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று. எங்கள் விஷயத்தில் கோளாறு காற்றில்தான் இருந்தது. காற்றில் கோளாறு வந்ததற்குக் காரணம் டயரின் ஜாதி.

பழைய டயரில் 8 பி.ஆர். என்று அச்சிட்டிருக்கும். எட்டு அடுக்குத் துணிக்குச் சமமான பலம் என்று அதற்குப் பொருள். உள்ளே எட்டு அடுக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. இவை சரக்கு வண்டிக்கென்றே செய்யப்படும் எல்.டி. வகை. அதிகக் காற்றைத் தாங்கும், சுவர் கனமாக இருக்கும். எனக்குக் கம்பீரமாகத் தெரிந்த அகல டயரோ எஸ்.யு.வி. கார்களுக்கானது. அதில் டயர் கடைக்காரர் 35 பவுண்டு காற்று பிடித்து அனுப்பிவிட்டார். காருக்கு அது சரி. ஒன்றேகால் டன் மிளகாயும் பருப்பும் ஏற்றிய பிக்கப்பின் பின் சக்கரத்திற்கு அது எம்மாத்திரம்? டயர் பிதுங்கியது. பிதுங்கப் பிதுங்கச் சூடு. சூடாகச் சூடாக டீசல். லோடோடு நிற்கும் வண்டியின் பின்னால் போய்க் குனிந்து பார்த்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். நான் பார்த்ததெல்லாம் நோட்டைத்தான்.

பெரிய டயரினால் கியரிலும் ஒரு மாறுதல் உண்டு. சக்கரம் நாலு சதவீதம் பெரிதானால், எல்லாக் கியரும் அந்த அளவு பளுவாகிவிட்டது போலத்தான். காலி வண்டி நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது இதனால் நன்மைகூட உண்டு. இன்ஜின் சற்று மெதுவாகச் சுற்றும். ஆனால் நம் வண்டிகள் போவது அப்படியா? சந்தைத் தெருவில் லோடோடு கிளம்பும்போது கிளட்ச்சை அதிக நேரம் பாதியில் வைத்திருக்க வேண்டும், மூன்றாவது கியரில் ஏறிய மேட்டுக்கு இரண்டாவது கேட்கும். ஓட்டுநர் ஆரம்பத்திலேயே "வண்டி இழுக்க மாட்டேங்குது அண்ணாச்சி" என்று சொன்னது இதைத்தான்.

குட்டி யானைக்காரர்களுக்கு

2005 மே மாதம் டாடா ஏஸ் வந்த பிறகு நம் வணிகத்தின் போக்குவரத்தே மாறிப்போனது. மாட்டு வண்டியும் மூன்று சக்கர டெம்போவும் செய்த வேலையைக் குட்டி யானை எடுத்துக்கொண்டது. அதன் டயர் 145 ஆர் 12. குறுக்களவு சுமார் 54 செ.மீ. தான். சின்னச் சக்கரம் கிலோமீட்டருக்கு அதிகச் சுற்று சுற்ற வேண்டும், குழியில் முழுவதுமாக இறங்கி ஏற வேண்டும். ஆகவே காற்றுக் குறைந்தால் பெரிய வண்டியைவிட இதற்குத்தான் சீக்கிரம் சேதம். முதலில் வந்த ஏஸில் இருந்தது இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன் இன்ஜின். அவ்வளவு சிறிய இன்ஜின் உள்ள வண்டியில் பெரிய டயரைத் திணித்தால் மேட்டில் திணறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. லோடு தாங்கவில்லை என்பதற்காகப் பெரிய டயர் போட நினைப்பவர்கள், லோடைக் குறைப்பதா வண்டியை மாற்றுவதா என்றுதான் யோசிக்க வேண்டும். டயர் பெரிதானதால் அச்சோ பட்டையோ பிரேக்கோ பெரிதாகிவிடுவதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எடையும் கூடிவிடாது.

டயரின் பக்கத்தில் சைஸை அடுத்து வரும் எண் அது தாங்கும் எடைக்கான குறியீடு. 100 என்றிருந்தால் ஒரு டயருக்கு 800 கிலோ, 105 என்றால் 925 கிலோ, 110 என்றால் 1,060 கிலோ. அதுவும் அந்த டயருக்கு உரிய முழுக் காற்று இருந்தால்தான். கம்பெனி போட்டதைவிடக் குறைந்த எண்ணுள்ள டயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரக்கு வண்டிக்கு வாங்காதீர்கள்.

காற்றுக்கு எத்தனை பவுண்டு என்பதைப் பஞ்சர் கடையில் கேட்க வேண்டியதில்லை. ஓட்டுநர் கதவோரத்திலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ முன் சக்கரத்திற்கு எவ்வளவு, லோடோடு பின் சக்கரத்திற்கு எவ்வளவு என்று எழுதியிருக்கும். காலையில் வண்டி கிளம்பும் முன், டயர் சூடேறாதபோது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் குறிப்பு, நாலு டயரிலும் சராசரியாக ஒரு பவுண்டு குறைந்தால் மைலேஜில் 0.2 சதவீதம் போகும் என்கிறது. பார்க்கச் சின்னதுதான். ஆனால் 50 இருக்க வேண்டிய இடத்தில் 35 இருந்தால் 3 சதவீதம். வருடத்திற்கு 2,600 லிட்டர் போடும் வண்டிக்கு 78 லிட்டர், ரூ.7,000க்கு மேல். பங்கில் காற்று இலவசமாகவே பிடிக்கிறார்கள்! அதற்கு ஐந்து நிமிடம் நிற்க நமக்குப் பொறுமை இல்லை. அளவுக்கு மேல் அடிப்பதும் கூடாது. நடுப் பட்டன் மட்டும் தேயும், காலி வண்டி துள்ளும், பிரேக் பிடிக்கையில் வழுக்கும்.

நைலான் டயரா, ரேடியலா என்று இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். டீசலுக்கு ரேடியல்தான் நல்லது. அதன் சுவர் எளிதாக வளைந்து கொடுப்பதால் சூடு குறைவு. கல்குவாரிக்கும் வாய்க்கால் கரைக்கும் போகிறவர் நைலானை விரும்பினால் அதில் தப்பில்லை. இரண்டையும் ஒரே வண்டியில் கலந்து போடுவது மட்டும் ஆகாது. அதேபோலக் கட்டம் கட்டமாகப் பெரிய பட்டன் வைத்த டயர் தார்ச் சாலையில் இரைச்சலும் டீசல் செலவும்தான் தரும். நேர்கோடு ஓடும் பட்டனே நம் ஓட்டத்திற்குப் போதும்.

மொட்டையாகத் தேயும்வரை ஓட்டினால் டீசல் மிச்சம்தானே என்று யாரும் கேட்கலாம். தேய்ந்த டயர் எளிதாக உருளும் என்பது உண்மையே. நசுங்குவதற்கு ரப்பர் குறைவு. ஆனால் 1.6 மி.மீ.க்குக் கீழே பட்டன் போனால் சட்டப்படி அந்த டயரில் வண்டி ஓடக் கூடாது. மழையில் ஒரு முறை வழுக்கினால் மிச்சம் பிடித்த டீசல் ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூடக் காணாது.

டயர் வாங்கும்போது பில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. கடைச் சரக்கு ஏற்றும் வண்டிக்கு வாங்கிய டயர் என்றால், முறையாக ஜி.எஸ்.டி. கட்டுகிற வணிகர் இந்த வரியை இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். காம்பவுண்டிங் முறையில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. டீசலோ ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கிறது. அதில் கட்டுகிற வரியில் ஒரு பைசா நமக்குத் திரும்பாது. நல்ல டயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஐந்நூறும், வீணாக எரியும் டீசலுக்குப் போகும் ஐந்நூறும் கணக்குப் புத்தகத்தில் ஒன்றல்ல என்பதை வரி ஆலோசகர்கள்கூட நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. 2022ஆம் ஆண்டு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதிப்படி, சிறிய சரக்கு வண்டி டயர்களுக்கும் உருளும் தடை, ஈரச் சாலைப் பிடிமானம், சத்தம் ஆகிய மூன்றுக்கும் வரையறை உண்டு. வாங்கும்போது இந்த விவரத்தையும் கேட்கலாம். கேட்கக் கேட்கத்தான் கடைக்காரர்களும் தெரிந்து வைத்துக்கொள்வார்கள்.

நோட்டை எப்படி எழுதுவது

மைலேஜ் பார்க்கச் சரியான வழி, டேங்கை வாய்வரை நிரப்பி, ஓட்டி, அதே பங்கில் மறுபடி வாய்வரை நிரப்புவது. ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஒரு மாதமாவது வேண்டும். வெங்காயம் ஏற்றிய வாரமும் அப்பளக் கட்டு ஏற்றிய வாரமும் ஒன்றாகாது. உயரமாக அடுக்கிய லோடும், ஓரம் கட்டாமல் படபடக்கும் தார்ப்பாயும் காற்றைத் தடுத்து டீசலைத் தின்னும். எழுபதுக்கு மேல் வேகம் போனால் இது இன்னும் மோசம். புது டயர் போட்ட வாரமே ஒருமுறை கிலோமீட்டர் கல்லோடு மீட்டரை ஒத்துப் பார்த்து, கல் கணக்கை மீட்டர் கணக்கால் வகுத்து வரும் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம். எங்களுக்கு அப்போது வந்தது 1.04. அதன் பிறகு மீட்டர் காட்டியதை இந்த எண்ணால் பெருக்கினால் நிஜ தூரம் வந்துவிடும்.

வண்டியில் தேவையில்லாமல் கிடப்பதையும் ஒரு நாள் இறக்கிப் பாருங்கள். எங்கள் வண்டியிலிருந்து இறங்கியவை: இரண்டாவது ஸ்டெப்னி, மக்கிப்போன படுதா, ஒரு இரும்புப் பலகை, யாருடையதென்றே தெரியாத சங்கிலி, ஆறு காலி எண்ணெய் டின். மொத்தம் 61 கிலோ. டயரின் 11 கிலோ எடைக்காக நான் ஒரு வாரம் கவலைப்பட்டிருந்தேன்.

அகல டயர் நாலையும் கார் வைத்திருக்கும் ஒருவருக்கு நஷ்டத்தில் விற்றுவிட்டு, பழைய சைஸில் 8 பி.ஆர். டயரே வாங்கிப் போட்டோம். மீட்டர் இப்போது 600 காட்டுகிறது. டீசல் 49 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பட்டன் தேயத் தேய இன்னும் கொஞ்சம் குறையலாம்.

ஓட்டுநர் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். கடைப் பையன்கள் முன்னால் கேட்டதற்கு, அவர்கள் முன்னாலேயே மன்னிப்பும் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, "அண்ணாச்சி, காத்து அளக்கிற மீட்டர் ஒண்ணு வாங்கிக் குடுங்க, வண்டியிலேயே கிடக்கட்டும்" என்றார். அன்றைக்கே வாங்கிக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் லோடு ஏற்றும் முன் நாலு டயரையும் பார்த்து, சாக்பீஸால் மட்கார்டில் எண்ணை எழுதி வைக்கிறார். அதை நான் நோட்டில் ஏற்றிக்கொள்கிறேன்.